குடத்துக்கு வரிசையா, கைக்கு வரிசையா?

எங்கள் தெருக் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அதில் ஜலம் வரும். ஏழரை மணிக்கு நின்று போகும். இந்த ஒன்றரை மணி நேரத்து வைபவத்துக்காக விடியற்காலம் நாலு மணி முதலே குடங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். குடங்கள் என்றுதான் சொன்னேன். மனிதர்கள் என்று சொல்லவில்லை. மனிதர்கள் அந்நேரத்தில் அவரவர் வீட்டில் சுகமாக நித்திரை செய்துகொண்டிருப்பார்கள்.

ஆறு மணி அடித்ததும் வேடிக்கை ஆரம்பமாகும். முதல் குடத்துக்குச் சொந்தக்காரி வந்தபாடில்லை. இரண்டாவது குடம் ஓட்டை. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக் குடங்கள். "ஊரிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்தாலும் வரும்" என்ற முன்ஜாக்கிரதையின் பேரில் வைக்கப்பட்டவை. ஆறாவது இடத்தில் குடமே கிடையாது. ஒரு செங்கல் வீற்றிருக்கிறது. ஏழாவது இடத்தில், இடுப்பில் கைக்குழந்தையுடன், உண்மையாகவே தண்ணீர் வேண்டி ஒரு பெண் நிற்கிறாள். குழாயில் ஜலம் கொட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையை மீறக் கூடாது என்னும் தர்மத்தை அனுசரித்து அவளும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு நாள் அந்தப் பக்கமாய் வந்த ஒரு பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "இதென்னடி அநியாயம்! வரிசை குடத்துக்கா, கைக்கா? ஆள் இல்லாத குடத்தை எடுத்து அப்பால் வையுங்களடி!" என்று உத்தரவு போட்டாள். அத்துடன் விட்டாளா? குழாய் திறக்க வந்தவரைப் பார்த்து, "நீயும் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வந்து சேர், அப்பா! நீ ஆடி அசைந்து வருகிறதனால்தான் இவர்கள் கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள்" என்றாள்.

இந்தப் பாட்டியின் தீர்ப்புக்கும், அமெரிக்கா தேசத்தில் 2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் 28-ந் தேதி வெளியான ஓர் உத்தரவுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நிரம்பச் சம்பந்தம் இருக்கிறது. பாட்டி இரண்டு வாக்கியத்தில் சொன்னதை அந்நாட்டு மத்திய எரிசக்திக் கமிஷன் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் சொல்லியிருக்கிறது. அங்கே வரிசையில் காத்திருப்பவை குடங்கள் அல்ல. மின்சார உற்பத்தி நிலையங்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஒருவர் தம்முடைய நிலத்தில், தம்முடைய பணத்தைப் போட்டு, சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார். அருகிலே பெரிய கம்பிகள் போகின்றன. அவற்றோடு இவருடைய கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டால் காரியம் முடிந்தது. இதற்கு வரிசை எதற்கு, கமிஷன் எதற்கு?

நம் வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பியில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடுகின்றன. அதே கம்பியில் இஸ்திரிப் பெட்டியையும் வெந்நீர் யந்திரத்தையும் சேர்த்து மாட்டினால் என்ன ஆகும்? கம்பி சூடேறும், பியூஸ் போய்விடும். ஊருக்கு ஊர் போகும் பெரிய கம்பிகளுக்கும் இதே கதிதான். அளவுக்கு மேல் சக்தி பாய்ந்தால் கம்பி காய்ந்து, நீண்டு, தொய்ந்து, மரத்தின்மேலும் உராயக்கூடும். ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரம் அடுத்த கம்பியின் தலையில் விழும்; அதுவும் தாங்காவிட்டால் அதற்கு அடுத்ததன்மேல் விழும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விழும் விபரீதத்தை நாமே அநுபவித்திருக்கிறோம். 2012-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி வட இந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும், 60 கோடி ஜனங்களுக்கு மேல் வசிக்கும் பிரதேசம் ஒரே சமயத்தில் மின்சாரமின்றித் தவித்தது.

ஆகையால் புதிதாக ஒரு நிலையம் சேரும்போதெல்லாம், "இது சேர்ந்தால் எந்தக் கம்பிக்குப் பாரம் அதிகமாகும்? எந்த டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்க வேண்டும்? அதற்கு என்ன செலவு? அந்தச் செலவு யாருடையது?" என்று கணக்குப் பார்த்தே தீர வேண்டும். இந்தக் கணக்குக்குத்தான் மனு, ஆராய்ச்சி, வரிசை எல்லாம். கணக்குப் பார்ப்பதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு முடிவதற்குள் மனுதாரருக்குத் தலை நரைத்துவிடுகிறதே என்பதுதான் வழக்கு.

* * *

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்த வரிசையே கிடையாது. அந்தந்தப் பிரதேசத்தில் ஒரே கம்பெனி உற்பத்தியும் செய்யும், கம்பியும் போடும், வீட்டுக்கு வீடு விற்கவும் செய்யும். தன் நிலையத்தைத் தன் கம்பியில் சேர்க்கத் தனக்குத் தானே மனுப் போட்டுக்கொள்வார் உண்டா? 1978-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, சில வகைச் சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து கம்பெனிகள் மின்சாரம் வாங்கியே ஆக வேண்டும் என்று விதித்தது. 1996-இல் கமிஷன் மேலும் ஒரு படி போய், கம்பிகளை எல்லோருக்கும் பாரபட்சமின்றித் திறந்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. ராஜபாட்டையில் ராஜாவின் தேர் மட்டும் போன காலம் போய், எவருடைய வண்டியும் போகலாம் என்று ஏற்பட்டது.

வண்டிகள் பெருகவே, எந்த வண்டி முதலில் ஏறுவது என்ற சண்டையும் பெருகியது. அதைத் தீர்க்க 2003-ஆம் வருஷத்தில் கமிஷன் ஒரு பொது விதியை வகுத்தது. அந்த உத்தரவின் எண்ணும் 2003, வருஷமும் 2003. 20 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அது பொருந்தும். (ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட். சாதாரண இஸ்திரிப் பெட்டி ஆயிரத்தை ஒரே சமயத்தில் சூடாக்கப் போதுமான சக்தி என்று வைத்துக்கொள்ளலாம்.) அந்த விதியின் சாரம், முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பதே. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாயிருக்கிறது! குழாயடித் தர்மமும் அதுவே அல்லவா?

ஆனால் அந்த வரிசையில் இடம் பிடிக்க என்ன தேவையாயிருந்தது தெரியுமா? 10,000 டாலர் முன்பணம். நிலையம் கட்டுவதற்கு நிலம் கையில் இல்லையா? கவலை வேண்டாம், இன்னும் ஒரு 10,000 டாலர் கட்டிவிட்டால் போதும். கோடிக்கணக்கான டாலர் பிடிக்கும் ஒரு நிலையத்துக்கு இந்தத் தொகை எம்மாத்திரம்? குழாயடியில் வைத்த செங்கலுக்குச் சமானம்.

* * *

செங்கல் மலிவானால் வரிசை நீளாமல் என்ன செய்யும்? சூரிய சக்தியும் காற்றின் சக்தியும் மலிந்துவரவே, கம்பெனிக்காரர்கள் ஒரே நிலையத்தைக் கட்டும் உத்தேசத்துடன் பல இடங்களில் மனுப் போட்டார்கள். இணைப்புச் செலவு எங்கே குறைவு என்று மனுப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? செலவு குறைந்த இடத்தை வைத்துக்கொண்டு மற்ற மனுக்களை வாபஸ் வாங்கிவிடலாம். இதை மோசடி என்று சொல்வதற்கில்லை. விதி இடம் கொடுத்தது, அவர்கள் செய்தார்கள்.

2023-ஆம் வருஷ முடிவில் அமெரிக்க வரிசைகளில் காத்திருந்த நிலையங்களின் மொத்தச் சக்தி சுமார் 26 லக்ஷம் மெகாவாட். அந்நாட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த எல்லா மின்சார நிலையங்களையும் சேர்த்தாலும் சுமார் 12 லக்ஷத்து 80 ஆயிரம் மெகாவாட்தான். இருப்பதைப்போல் இரண்டு மடங்கு வாசலில் நின்றது என்று அர்த்தம். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சூரிய சக்தி, காற்று, மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி ஆகிய மூன்று வகைகளே. லாரென்ஸ் பெர்க்லி தேசீய ஆராய்ச்சிசாலை வருஷந்தோறும் இந்தக் கணக்கை எடுத்து வெளியிட்டு வருகிறது.

அவ்வளவும் கட்டி முடிந்தால் அமெரிக்கா ஜகஜ்ஜோதியாய் விளங்குமே என்று நினைக்க வேண்டாம். 2000 முதல் 2018 வரையில் வரிசையில் சேர்ந்த மனுக்களில், 2023 முடிவதற்குள் உண்மையாகவே நிலையமாக எழும்பியவை நூற்றுக்கு 19 மட்டுமே. மீதியில் பெரும்பாலானவை வரிசையை விட்டே விலகிவிட்டன. காத்திருக்கும் காலமும் வளர்ந்தது. 2000-க்கும் 2007-க்கும் இடையில் கட்டி முடிந்த நிலையங்களுக்கு, மனுப் போட்ட நாள் முதல் மின்சாரம் அனுப்பும் நாள் வரை சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. 2023-இல் முடிந்தவற்றுக்கோ ஏறக்குறைய ஐந்து வருஷம் பிடித்தது.

விலகிப் போகிறவன் போய்விட்டால் பின்னால் நிற்பவனுக்கு லாபந்தானே என்று தோன்றும். குழாயடியில் லாபம்; மின்சாரத்தில் நஷ்டம். எப்படி என்று சொல்கிறேன்.

பழைய விதிப்படி மனுக்களை ஒவ்வொன்றாக ஆராய்வார்கள். முதல் மனுதாரர் சேர்ந்தால் கம்பி தாங்குகிறது; இரண்டாமவர் சேர்ந்தாலும் தாங்குகிறது; மூன்றாமவர் சேரும்போது தாங்கவில்லை. உடனே, "புதுக் கம்பியும் ஸப்-ஸ்டேஷனும் போட வேண்டும், அந்தச் செலவை நீர் கொண்டுவாரும்" என்று மூன்றாமவரிடம் கை நீட்டுவார்கள். ஒட்டகத்தின் முதுகில் கடைசியாக மூட்டையை ஏற்றியவன் ஒட்டகத்தின் விலையையே கொடுக்க வேண்டும் என்பது போன்ற நியாயம் இது. மூன்றாமவர் தொகையைக் கேட்டதும் கும்பிடு போட்டு விலகிவிடுகிறார். அவர் விலகியதும், அவர் இருப்பதாக நினைத்துப் போட்ட நாலாமவர் கணக்கு, ஐந்தாமவர் கணக்கு எல்லாம் தப்பாகிவிடுகின்றன. மறுபடி முதலிலிருந்து ஆராய்ச்சி. செலவு இப்போது நாலாமவர் தலையில் விழுகிறது, அவரும் விலகுகிறார். மறுபடியும் ஆராய்ச்சி! சீட்டுக் கட்டினால் கட்டிய கோபுரத்தில் அடிச்சீட்டை உருவின கதைதான்.

இவ்வளவுக்கும் நடுவில் கணக்குப் பார்க்கும் கம்பிக்காரருக்கு ஏதாவது கெடு உண்டா என்றால், பெயரளவில் உண்டு. "நியாயமான முயற்சி" செய்தால் போதும் என்று பழைய விதி அவருக்குச் சலுகை காட்டியிருந்தது. முயற்சி செய்தேன், முடியவில்லை என்று சொல்லிவிட்டால் கேட்பாரில்லை. மனுதாரர் ஒரு நாள் தவறினால் வரிசையில் இடம் போகும்; கம்பிக்காரர் ஒரு வருஷம் தவறினாலும் ஒன்றும் போகாது.

இதன் விளைவு சாமானியக் குடும்பத்தின் அடுப்படி வரை வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் கீழ்ப் பிராந்தியத்தில் 13 ராஜ்யங்களிலும் தலைநகரிலும் மின்சார வலையை நடத்தும் பி.ஜே.எம். என்னும் ஸ்தாபனம், 2022-இல் புதிய மனுக்களை ஆராய்வதையே நிறுத்திவைத்துப் பழைய மூட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தது. தேவைப்படும்போது மின்சாரம் கொடுக்கத் தயாராயிருப்பதற்காக நிலையங்களுக்கு அங்கே ஒரு கட்டணம் கொடுப்பது வழக்கம். ஏலத்தில் நிர்ணயமாகும் அந்தக் கட்டணம், ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 29 டாலராயிருந்தது. 2024 ஜூலையில் நடந்த ஏலத்தில் சுமார் 270 டாலராகிவிட்டது. தேவை பெருகியது, பழைய நிலையங்கள் மூடப்பட்டது, ஏல விதிகள் மாறியது என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. புதிய நிலையங்கள் வாசலிலேயே நின்றுவிட்டதும் காரணங்களில் ஒன்று என்று பலர் அபிப்பிராயப்பட்டார்கள். வரிசை கோணலானதன் கூலியைக் கடைசியில் பில் கட்டுகிற குடும்பஸ்தர்கள்தான் கொடுத்தார்கள்.

* * *

இந்த நிலைமையில்தான் 2023-ஆம் வருஷத்து 2023-ஆம் எண் உத்தரவு பிறந்தது. பாட்டியின் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் மூன்று அம்சங்கள் தெளிவாக விளங்கும்.

முதலாவது, முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பது போய், முதலில் தயாரானவருக்கு முதல் இடம் என்று ஏற்பட்டது. மனுப் போடும்போதே நிலையத்துக்கு வேண்டிய நிலத்தில் நூற்றுக்கு 90 பாகம் தம் வசம் இருப்பதாகக் காட்ட வேண்டும். பிற்பாடு ஒரு கட்டத்தில் முழு நிலத்தையும் காட்ட வேண்டும். முன்பணமும் நிலையத்தின் அளவுக்குத் தக்கபடி உயர்ந்தது. 200 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஆராய்ச்சிச் செலவுக்காக மட்டும் 2,50,000 டாலர். வரிசையில் வெகு தூரம் வந்துவிட்டுப் பிறருக்கு நஷ்டம் உண்டாகும்படி விலகினால் அபராதமும் உண்டு. எவ்வளவுக்கெவ்வளவு தாமதித்து விலகுகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு அபராதம் ஏறும். ஆளில்லாத குடத்தை அப்பால் வைத்தாயிற்று.

இரண்டாவது, மனுக்களை ஒவ்வொன்றாக ஆராயாமல், குறிப்பிட்ட காலத்துக்குள் வந்தவற்றையெல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்த்து ஆராய வேண்டும். புதுக் கம்பிக்கு ஆகும் செலவைக் கடைசி மூட்டைக்காரன் ஒருவன் தலையில் கட்டாமல், கம்பியின் பாரம் யாரால் எவ்வளவு ஏறுகிறதோ அந்த விகிதப்படி எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கிராமத்தில் ஏரிக்கரை உடைந்தால் பாசன நிலத்தின் அளவுக்குத் தக்கபடி குடிமராமத்து வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் பழைய வழக்கம் நமக்குப் புதிதல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். "நியாயமான முயற்சி" என்ற சலுகையைக் கமிஷன் அடியோடு நீக்கிவிட்டது. கூட்டத்தின் ஆராய்ச்சியை 150 நாளில் முடித்தாக வேண்டும். கெடு தவறினால், சிறிது தவணைக்குப் பிறகு, கம்பிக்காரருக்கு வேலை நாள் ஒன்றுக்கு 1,000 டாலர் அபராதம். அடுத்தடுத்த கட்டத்து ஆராய்ச்சிகளில் அது 2,000 டாலர், 2,500 டாலர் என்று ஏறும். கம்பிக்காரர்களும் வலையை நடத்தும் ஸ்தாபனங்களும் இதைப் பலமாக ஆட்சேபித்தார்கள். கமிஷன் 2024 மார்ச்சில் மறுபடி விசாரித்தும் அபராதத்தைக் கைவிடவில்லை. "நீயும் ஆறு மணிக்கு வந்து சேர், அப்பா!"

நான் இந்த வாரம் இந்த வறண்ட விஷயத்தை எடுத்துக்கொண்டதே இந்த மூன்றாவது அம்சத்துக்காகத்தான். விதி என்பது பெரும்பாலும் மனுதாரரைக் கட்டுவதற்காகவே ஏற்பட்டது என்ற ஓர் எண்ணம் நம் எல்லோருடைய மனத்திலும் வேரூன்றியிருக்கிறது. மனுவைப் பெறுகிறவரையும் விதி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது விதியாகாது, வெறும் அதிகாரமாகும். குடத்தை நகர்த்தச் சொன்ன பாட்டி, குழாய் திறப்பவரைச் சும்மா விட்டிருந்தால் மறுநாளே செங்கற்கள் திரும்பி வந்திருக்கும். தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயமில்லாத இடத்தில் எவன்தான் கல் வைக்கமாட்டான்?

* * *

இந்தச் சீர்திருத்தத்திலும் இரண்டு குறைகள் இல்லாமற் போகவில்லை. அவற்றையும் சொல்லிவிடுவதே முறை.

தயாராயிருப்பதை எதைக் கொண்டு அளப்பது? பணத்தைக் கொண்டு அளந்தால், பணமுள்ளவன் தயார். இல்லாதவன் தயாரில்லை என்று ஆகிவிடும். லக்ஷக்கணக்கான டாலரை ஜாமீனாக முடக்கிவைப்பது பெரிய கம்பெனிக்கு ஒரு பொருட்டல்ல. ஒரு சிற்றூர் ஜனங்கள் கூடிக் கட்ட நினைக்கும் நிலையத்துக்கு அது மலை. செங்கலைத் தள்ளுகிற காலால் ஏழையின் குடத்தையும் தள்ளிவிடக் கூடாது. நிலம் கையிலிருக்கிறதா, உத்தரவுகள் பெற்றாயிற்றா, மின்சாரம் வாங்குவோர் உண்டா என்ற அத்தாட்சிகளுக்குப் பணத்தைவிட அதிக மதிப்புக் கொடுப்பதே உத்தமம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மற்றொரு குறை இன்னும் பெரிது. வரிசையை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் குழாயில் வரும் ஜலம் ஒரு சொட்டும் அதிகமாகாது. கம்பி போதாவிட்டால் யார் முதலில் நின்றால் என்ன? இதை அந்தக் கமிஷனும் உணர்ந்தே, 2024 மே மாதத்தில் 1920-ஆம் எண் உத்தரவை வெளியிட்டது. வருகிற 20 வருஷத்துத் தேவையை இப்பொழுதே யோசித்துக் கம்பிகளைத் திட்டமிட வேண்டும் என்பது அதன் கருத்து. மனுதாரர் வந்த பிறகு பாதை போடுவதை விட்டு, வருவார் என்று தெரிந்து முன்னாலேயே போடுவது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவுக்கு மட்டுமே வந்த வியாதியும் அல்ல இது. பிரிட்டனில் வரிசை 7 லக்ஷம் மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் அந்நாட்டின் எரிசக்திக் கண்காணிப்பு ஸ்தாபனமான ஆப்ஜெம், வந்த முறைப்படி இடம் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, தயாராயிருப்பதும் தேசத்துக்குத் தேவையாயிருப்பதும் எவையோ அவற்றுக்கு முன்னிடம் கொடுக்கும் ஏற்பாட்டை அங்கீகரித்தது.

* * *

"இருக்கட்டும் ஐயா, நம் தேசத்தின் சங்கதி என்ன?" என்று நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது.

1947-இல் நாம் சுதந்திரம் அடைந்தபோது இந்தியா முழுவதிலும் இருந்த மின்சார நிலையங்களின் சக்தி 1,362 மெகாவாட். இன்று ராஜஸ்தான் பாலைவனத்தில், பட்லா என்னும் ஒரே இடத்திலுள்ள சூரிய சக்திப் பண்ணையின் சக்தி 2,245 மெகாவாட். அந்நிய ஆட்சி ஒரு தேசம் முழுவதற்கும் விட்டுப்போனதைவிட அதிகமானது இன்று ஒரு மணற்காட்டில் விளைகிறது! 2013-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, ராய்ச்சூருக்கும் ஷோலாப்பூருக்கும் இடையே போட்ட கம்பியின் மூலம் தென்னாட்டு வலை மற்ற வலைகளோடு ஒன்றாயிற்று. அன்று முதல் காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை ஒரே வலை. நாடு முழுவதும் ஒரே தாளத்தில் மின்சாரம் துடிக்கிறது. பாரத நாட்டின் ஐக்கியத்துக்கு இதைவிடக் கண்கூடான சின்னம் வேறு வேண்டுமா?

ஆனால் வலை ஒன்றானதும் வரிசையும் ஒன்றாயிற்று. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம், மின்சார உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று கதவைத் திறந்துவிட்டது. 2009-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் இணைப்புக்கான விதிகளை ஏற்படுத்தியது. அந்த விதிகளின்படி கம்பியில் சேருவதற்கு ஒரு மனு. சேர்ந்த பிறகு நெடுங்காலத்துக்கு மின்சாரம் அனுப்பும் உரிமைக்கு வேறொரு மனு. சேர அனுமதி வாங்கிவைத்துக்கொண்டு, நிலையமும் கட்டாமல், இடத்தையும் விடாமல் இருப்பவர்கள் ஏற்பட்டார்கள். நம்மவர்கள் செங்கல் வைப்பதில் அமெரிக்கர்களுக்கு இளைத்தவர்களா என்ன?

ஆகவே 2022-இல் கமிஷன் புதிய விதிகளை இயற்றியது. 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல் அவை முழுமையாக அமலுக்கு வந்தன. இரண்டு மனுக்கள் ஒன்றாயின. சூரிய சக்தி, காற்று முதலிய நிலையங்கள் கட்டுவோர், மின்சாரம் விற்பதற்கான உடன்படிக்கையையோ, வேண்டிய நிலத்தில் பாதிக்கான தஸ்தாவேஜுகளையோ காட்ட வேண்டும். இல்லையேல் நிலத்துக்குப் பதிலாக மெகாவாட்டுக்குப் பத்து லக்ஷம் ரூபாய் வீதம் பாங்க் ஜாமீன் கொடுக்க வேண்டும். 2025-இல் செய்த திருத்தம் இன்னும் சுவாரஸ்யமானது. சூரியனைக் கொண்டு ஓடும் நிலையத்துக்கு ஒதுக்கிய கம்பி, சூரியன் அஸ்தமித்தபின் சும்மாதானே கிடக்கிறது? அந்த நேரத்தில் காற்றாலையோ, பகலில் சேமித்துவைத்த பாட்டரியோ அதே கம்பியை உபயோகிக்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். ஒரே திண்ணையில் பகலில் பள்ளிக்கூடமும் இரவில் கதாகாலட்சேபமும் நடத்திய நம் முன்னோர்களுக்கு இந்த யோசனை உடனே விளங்கியிருக்கும்.

இவையெல்லாம் நல்ல காரியங்களே. எனினும் நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு சூரிய சக்தி நிலையத்தை ஒன்றிரண்டு வருஷத்தில் கட்டிவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமக்கும் பெருங்கம்பியைப் போடுவதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வீசும்போது, மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் உண்டு. காற்று கிடைத்தும், யந்திரம் இருந்தும், எங்கேயோ விளக்கில்லாமல் ஒரு வீடு இருந்தும், நடுவில் பாதையில்லாமல் ஒரு சக்தி வீணாவதைப்போல் மனத்தை உறுத்தும் காட்சி வேறு கிடையாது. ஆகையால், நிலம் காட்டு, ஜாமீன் கட்டு, கெடுவுக்குள் முடி என்று மனுதாரரிடம் கேட்கும் தேசம், கம்பி போடுகிறவரிடமும் அதே கண்டிப்புடன் கணக்குக் கேட்க வேண்டும். இன்ன தேதிக்குள் போட்டு முடிப்போம் என்று சொன்ன கம்பி அந்தத் தேதிக்கு வந்ததா? வராவிட்டால் அதன் நஷ்டம் யாருடையது? இந்தக் கேள்விகள் எஞ்சினீயர்களுக்கும் வக்கீல்களுக்கும் மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிடுவது பெருந் தவறு. மின்சாரக் கமிஷன்கள் புதிய விதி செய்யும் முன் அதன் நகலை வெளியிட்டுப் பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கின்றன. பில் கட்டும் நாமும் அந்தப் பொதுஜனத்தில் சேர்ந்தவர்களே.

நிற்க. எங்கள் தெருக் குழாயடியில் இப்பொழுது செங்கல் கிடையாது. ஆறு மணிக்கு ஆள் வருகிறார். ஐந்தே முக்காலுக்குப் பெண்கள் குடமும் கையுமாய் வருகிறார்கள். ஏழு மணிக்கெல்லாம் எல்லோருக்கும் ஜலம் கிடைத்துவிடுகிறது. சில நாள் மீதியும் இருக்கிறது. குழாய் அதே குழாய்தான். ஜலமும் அதே ஜலந்தான். "ஆனால் அடுத்த வருஷம் தெருவில் இன்னும் பத்து வீடு வரப்போகிறதே, இன்னொரு குழாய்க்கு இப்பொழுதே எழுதிப் போட வேண்டாமா?" என்று பாட்டி நேற்று என்னைக் கேட்டாள். விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். முதல் கையெழுத்து அவளுடையது.